ஒரு தூக்குப்போசி திப்பி

விடிகாலை ஐந்து மணி. போதமலையின் விளிம்பு மட்டும் தெரிகிறது. நாமகிரிப்பேட்டைச் சாலையில் ஒரு சேகோ ஃபேக்டரி. கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. டிரெய்லர்களில் மரவள்ளிக் கிழங்கு. தோலில் செம்மண். ஒடிந்த முனைகளில் பால் வெள்ளை.

தைக் குளிர். டிரைவர்கள் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார். இன்னொருவர் சோளத்தட்டைக் கொளுத்திக் கை காய்கிறார். பொங்கல் முடிந்து ஐந்து நாள். ஒரு வண்டியின் முகப்பில் காப்புக்கட்டுப் பூளைப்பூ இன்னும் செருகியிருக்கிறது.

கேட் திறக்கிறது. எடைமேடை. சீட்டு.

அடுத்தது பாயிண்ட். வண்டியின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் ஒரு பையன் கிழங்கு உருவுகிறான். துண்டு போடுகிறான். கம்பிக்கூடையை நிரப்பித் தராசில் மாட்டுகிறான். முதலில் காற்றில் எடை. பிறகு கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி இன்னொரு எடை. மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். அந்தக் கணக்குதான் பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை.

கிழங்குக்காரர் தராசைப் பார்க்கவில்லை. பையன் முகத்தைப் பார்க்கிறார்.

“எத்தனை கண்ணு?”

“இருபத்தேழுங்க.”

“போன வண்டி இருபத்தெட்டரை வந்துச்சே.”

“அது மேட்டுக்காட்டுக் கிழங்குங்க.”

அவர் சீட்டை நான்காக மடிக்கிறார். சட்டைப்பையில் வைக்கிறார். பத்து மாதப் பயிர் ஒரு நம்பராகிப் பைக்குள் போகிறது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம். கிழங்குகள் உருளைக்குள் புரண்டு தோல் உரிகின்றன. மிச்சத் தோலை எடுக்க எட்டுப் பெண்கள் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கத்தி தீட்டித் தீட்டிப் பிறைபோல ஆகிவிட்டது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. அவள் கையைப் பார்ப்பதே இல்லை. வாசல் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே உரிக்கிறாள். ஒரு கிழங்குக்கு நான்கு வீச்சு.

கிழங்கு அரவைக்குப் போகிறது. கூழாக வருகிறது. சல்லடையில் தண்ணீர் பீச்சுகிறார்கள். கீழே பால் இறங்குகிறது. மேலே சக்கை நிற்கிறது.

பால் தொட்டிகளில் தேங்குகிறது. மணிக்கணக்கில் யாரும் அதைத் தொடுவதில்லை. மாவு அடியில் படிகிறது. மேல்தண்ணீரைத் திறந்துவிட்டால் வெள்ளைத் தரை. மண்வெட்டி அதில் இறங்கும்போது சத்தமே கேட்பதில்லை. மாவை உடைக்கிறார்கள். குலுக்கி உருட்டுகிறார்கள். குருணை குருணையாகத் திரள்கிறது. வறுபடுகிறது. களத்தில் காய்கிறது. ஜவ்வரிசி.

இந்த வட்டாரத்துக்கு இந்தத் தொழில் வந்து எண்பது வருடம் தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி மரவள்ளி மாவில் அதைச் செய்து பார்த்தார். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழின் நகல் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. அதன் கண்ணாடியிலும் மாவுப்பொடி.

வெள்ளையாக வெளியே போவதைப் பார்க்க வியாபாரிகள் வருகிறார்கள். மற்றது பின்பக்கம் போகிறது.

பின்பக்கம் மூன்று கழிவு. தோல் ஒரு குவியல். சக்கை ஒரு களம் முழுக்க. அதற்குப் பெயர் திப்பி. ஈரத்தில் சாம்பல் வெள்ளை. காய்ந்தால் பழுப்பு. மாட்டுத்தீவனத்துக்குப் போகும். எவ்வளவு அலசினாலும் மாவு முழுசாக இறங்குவதில்லை. காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் இன்னும் மாவுச்சத்துதான்.

மூன்றாவது தண்ணீர். கிழங்கு கழுவிய தண்ணீர், பால் வடித்த தண்ணீர். வாய்க்காலில் மங்கலாக ஓடுகிறது. அரைநாள் நின்றால் புளிக்கும். ஒருநாள் நின்றால் நாறும். அந்த நாற்றம் மூக்கில் நிற்காது. துணியில் ஏறும். சோற்றில் ஏறும். ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள்கூட முதலில் ‘பக்கத்துல மில்லு இருக்குங்களா’ என்று கேட்டதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வசிஷ்ட நதிக்கரையில் சேகோத் தண்ணீர் கலந்த கதை தெரியாத வீடு இல்லை.

காம்பவுண்டுக்கு வெளியே ஒரு கிணறு. மோட்டார் கழற்றப்பட்டிருக்கிறது. படிக்கல் ஒவ்வொன்றிலும் துரு நிறக் கோடு. கிணற்றோரம் ஒரு தென்னை. மட்டைகள் சிறுத்து மேலே நிற்கின்றன. இந்தப் பக்கம் வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

வாய்க்கால் இப்போது அந்தப் பக்கம் போகவில்லை. இடதுபக்கம் திரும்புகிறது. தொட்டியில் விழுகிறது. தொட்டியிலிருந்து குழாய். குழாயின் மறுமுனையில் பலூன்.

பலூன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மண்கரை கட்டிய ஒரு குளம். குளத்தின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் உறை. நான்கு பக்கமும் மண்ணுக்குள் புதைத்து இறுக்கியிருக்கிறது. உறை நடுவில் உப்பியிருக்கிறது. காலைப்பனி அதன் மேல் துளித்துளியாக நின்று, ஒவ்வொன்றாக வழிகிறது.

ஆபரேட்டர் வருகிறார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். லுங்கி, காக்கிச் சட்டை. காதோரம் பென்சில். செருப்பைக் கழற்றிக் கரையில் விடுகிறார். உறையை உள்ளங்கையால் ஒருமுறை அமுக்குகிறார். கை அமுங்கித் திரும்ப எழுகிறது. பிறகுதான் யு வடிவக் கண்ணாடிக்குழாயைப் பார்க்கிறார். சாயம் கலந்த தண்ணீர் ஒரு கையில் ஏறி, ஒரு கையில் இறங்கி நிற்கிறது. நோட்டில் எழுதுகிறார்.

வால்வின் மேல் சந்தனம், குங்குமம். மாட்டுப்பொங்கல் அன்று வைத்தது. பாதி அழிந்திருக்கிறது.

பொங்கலுக்கு ஃபேக்டரி நான்கு நாள் மூடியிருந்தது. அவர் நான்கு நாளும் வந்தார். கிழங்கு இல்லை, தண்ணீர் இல்லை. தேக்கி வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்.

“வயித்த காலியாப் போடக் கூடாதுங்க. திடீர்னு நெறையவும் ஊத்தக் கூடாது.”

கேட்கிறவள் ஒரு மாணவி. கோவையிலிருந்து முதல் பஸ்ஸுக்கு முந்தின ராத்திரியே கிளம்பி வந்தவள். முதுகில் பை. கையில் நோட்டு. அவளும் செருப்பைக் கழற்றியிருக்கிறாள்.

குளத்துக்குள் நடப்பது வெளியே தெரியாது. நான்கு கை மாறுகிறது. முதல் கூட்டம் மாவை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. இரண்டாவது கூட்டம் சர்க்கரையைப் புளிக்க வைத்து அமிலமாக்குகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சுருக்குகிறது. நான்காவது கூட்டம் அதைத் தின்று மீத்தேன் விடுகிறது. நான்காவது, பாக்டீரியாகூட இல்லை. ஆர்க்கியா என்ற தனி இனம். பூமியில் காற்றே மூச்சுக்கு ஆகாத காலத்து உயிர். ஒரு முடக்குக் காற்று பட்டால் வேலை நின்றுவிடும். அதற்குத்தான் அந்தக் கறுப்பு உறை.

முன்னால் இருப்பவை வேகமாகப் பெருகும். கடைசிக் கூட்டம் நிதானம். தண்ணீரை ஒரேயடியாக விட்டால் அமிலம் குவியும், தின்ன ஆள் போதாது. குளம் புளிக்கும். வாயு நிற்கும்.

ஆபரேட்டர் இதையெல்லாம் இந்தப் பெயர்களில் சொல்வதில்லை. குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிக்கிறார். பரிசோதனைத் தாளை நனைக்கிறார். வண்ண அட்டையோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில். தாளை உதறிவிட்டு முகர்ந்தும் பார்க்கிறார். ஏழுக்குப் பக்கம் இருந்தால் முகம் இளகும். ஆறுக்குப் பக்கம் இறங்கினால் சுண்ணாம்பு மூட்டை அவிழும்.

சுவரோரம் சுண்ணாம்பு மூட்டை இரண்டு. ஒன்று பாதி.

குளம் முதன்முதலில் தொடங்கியபோது சாணம்தான் விதை. டிராக்டர் டிராக்டராகச் சாணி கரைத்து ஊற்றினார்கள். மாட்டு வயிற்றில் இருக்கும் அந்தக் கடைசிக் கூட்டம் அப்படித்தான் இங்கே குடியேறியது. ஊற்றிய மறுநாள் ஒன்றுமில்லை. மறுவாரமும் ஒன்றுமில்லை. முதலாளி தினம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாராம். ஒருநாள் காலையில் உறையில் ஒரு மூலை மட்டும் கொப்புளம்போல எழுந்திருந்தது.

“அன்னிக்கி நாலு பேரு ஓடியாந்து பாத்தோமுங்க. பொறந்த கொழந்தையப் பாக்கற மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. மூலையைக் காட்டுகிறார். அவள் அந்த மூலையைப் பார்க்கிறாள். இப்போது அங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. கறுப்பு உறை, ஒரு சருகு.

குழாய் பலூனிலிருந்து ஃபேக்டரிக்குத் திரும்புகிறது. வழியில் ஒரு டிரம். உள்ளே இரும்புத் துருவல். அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை அது பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் குழாயை அரித்துவிடும். துருவல் கறுத்ததும் வெளியே கொட்டிக் காற்றில் ஆறவைக்கிறார்கள். மறுபடி துருவேறிச் சிவக்கிறது. மறுபடி உள்ளே போகிறது.

வறுக்கும் இடத்தில் பர்னர். நீலச் சுவாலை. சத்தம் மட்டும் சன்னமாக. மேலே தகட்டில் ஈரக் குருணை புரள்கிறது. புகை இல்லை. தள்ளுகிறவரின் கண் சிவக்கவில்லை. நாற்பது வருட வேலைக்காரர். கண்ணுக்குக் கீழே பழைய புகையின் சுருக்கம் இருக்கிறது.

பக்கத்தில் விறகுக் கொட்டகை. முன்பு கூரையைத் தொடும் அளவுக்கு வேலமரத் துண்டுகள் அடுக்கியிருக்கும். இப்போது ஒரு மூலையில் நாலைந்து கட்டைகள். கட்டைகளுக்கு நடுவில் பூனை. குட்டி போட்டிருக்கிறது. விறகு எடை போட்ட தராசின் தட்டில் யாரோ அதற்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

சாண எரிவாயுக் கணக்கில் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. ஒரு கனமீட்டர் வாயு எரிந்தால் மூன்றரை கிலோ விறகின் வேலை நடக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. திறந்த குட்டையில் இதே தண்ணீர் அழுகினாலும் இதே மீத்தேன்தான் வரும். எரியாமல் வானத்துக்குப் போகும். நூறு வருடக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். முந்தைய வருடங்களில் இங்கே எல்லாமே அப்படித்தான் போயிற்று.

ஆபரேட்டரின் வீடு ஃபேக்டரிக்குப் பின்னால். தோட்டத்தில் ஒரு சாண எரிவாயுக் கலம். அப்பா காலத்தில் கட்டியது. இரும்புத் தொப்பி துருவேறி ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்குள் மண் நிரப்பி அவரைக்கொடி ஏற்றியிருக்கிறார்கள். 1897இல் பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் விடுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்து எரித்தது நாட்டின் தொடக்கக் கணக்கு. அறுபதுகளில் காதி கமிஷன் இந்த மிதக்கும் தொப்பியை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பல ஊர்களில் தொப்பி துருவேறியது. மாடு குறைந்தது. சிலிண்டர் வந்தது. அவரை காய்த்திருக்கிறது.

ஆறரை மணி. மாணவி திப்பிக் களத்துக்கு வருகிறாள். பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்திருக்கிறாள். மூடி உடைந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ மிதித்திருக்கிறார்கள்.

ஆபரேட்டர் தன் டிஃபனைப் பார்க்கிறார். எவர்சில்வர் தூக்குப்போசி. காலைக்கான பழையசோறு. அதை வாழையிலைத் துண்டில் கவிழ்த்துக் கொட்டுகிறார். போசியைக் கழுவுகிறார். ஈரத் திப்பியை இரண்டு கை அள்ளிப் போட்டு மூடியை அழுத்துகிறார்.

“ஐயோ, வேண்டாங்கண்ணா.”

“எடுத்துட்டுப் போங்கம்மிணி. போசிய மட்டும் மறந்துராதீங்க. வூட்டுல கேக்கும்.”

போசியின் வயிற்றில் புள்ளிப்புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. இரண்டு பெயர், ஒரு தேதி. கல்யாணச் சீர்.

பஸ். ஜன்னலோரம் அவள். மடியில் போசி. திருச்செங்கோட்டு மலை வலதும் இடதுமாகச் சுற்றுகிறது. வழியெல்லாம் கோழிப்பண்ணைகள். நீண்ட கூரைகள், கம்பிவலை, உள்ளே வெள்ளை. அந்த எச்சமும் இப்போது சும்மா கிடப்பதில்லை. நாமக்கல் சாலையில் புதுச்சத்திரத்தில் கோழி எச்சத்தையும் சாணியையும் புளிக்கவைத்து முதலில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, வண்டிகளுக்கு நிரப்பும் எரிபொருளாக்கினார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த எரிபொருளுக்காகச் ‘சதத்’ என்ற திட்டத்தை அறிவித்தபோது நாடு முழுக்க 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தது. இலக்கு இன்னும் தூரத்தில் இருக்கிறது. கோழிகள் தங்கள் பங்கை நிறுத்தவில்லை.

பள்ளிபாளையம். காவிரிப் பாலம். கண்டக்டர் மூக்கைச் சுருக்குகிறார்.

“என்னம்மிணி போசியில? மோரா?”

“திப்பிங்கண்ணா.”

“மாட்டுக்கா?”

“பாக்டீரியாவுக்குங்க.”

அவர் ஒரு நொடி நிற்கிறார். எச்சில் தொட்டுச் சீட்டுக் கிழிக்கிறார். போசிக்குச் சீட்டுப் போடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு அம்மாளிடம், “அந்தப் போசி பத்திரம், அது படிக்கிற பொருளு” என்கிறார்.

பெருந்துறை. அவிநாசி. காந்திபுரம். டவுன் பஸ் மாறுகிறாள். லாலி ரோட்டில் நெரிசல். மருதமலை ரோட்டில் மரநிழல்.

ஆய்வகம். வெள்ளை ஓடு. ஒரு இயந்திரம் குடுவைகளை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருக்கிறது. அவள் போசியைத் திறக்கிறாள். பக்கத்து மேஜைப் பெண் ஜன்னலைத் திறக்கிறாள். பேச்சு இல்லை. இது வழக்கம்.

திப்பியைக் காய வைக்கிறாள். பொடிக்கிறாள். நொதி சேர்த்துச் சூட்டில் வைக்கிறாள். மாவு சர்க்கரைத் தண்ணீராகிறது. வடிகட்டினால் இளம் மஞ்சள். அதில் பாக்டீரியாவை விடுகிறாள். குடுவையை ஆட்டும் இயந்திரத்தில் மாட்டுகிறாள். இரண்டு நாள், மூன்று நாள்.

இந்தத் தண்ணீரில் சர்க்கரை தாராளம். நைட்ரஜன் வேண்டுமென்றே குறைவு. பாக்டீரியாவுக்குத் தின்ன நிறைய இருக்கிறது, பெருகச் சத்து போதவில்லை. அது அப்போது சேமிக்கத் தொடங்குகிறது. விளைந்த வருடம் குதிரில் நெல் நிரப்புவது மாதிரி, உடம்புக்குள் மணிமணியாக அடுக்குகிறது. அந்த மணிதான் பிளாஸ்டிக். பாலிஹைட்ராக்சி பியூட்டிரேட். பிஎச்பி. மனிதன் எண்ணெய்க் கிணற்றிலிருந்து செய்வதற்கு முன்பே ஒரு செல் பசிக்கு எடுத்துவைத்த சோறு. 1926இல் பிரான்சில் மோரிஸ் லமுவான் அதை முதலில் அடையாளம் கண்டார். சில இனங்கள் உலர் எடையில் எண்பது சதவீதம் வரை அதையே நிரப்பிக்கொள்ளும்.

மைக்ராஸ்கோப். கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடித் துண்டு. இளம்சிவப்புக் குச்சிகள். ஒவ்வொரு குச்சிக்குள்ளும் கறுப்பு மணிகள். சிலதில் இரண்டு. சிலதில் ஐந்தாறு. வயிறு புடைத்த மாதிரி. அவள் எண்ணுகிறாள். உதடு அசைகிறது. நிறுத்துகிறாள். மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.

வாயு தானாக மேலே வரும். உறை போட்டுக் குழாய் வைத்தால் போதும், அது வெளியே வந்து நிற்கும். பிளாஸ்டிக் அப்படி வராது. அது செல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் வயிற்றைத் திறக்க வேண்டும். குளத்துக்குக் காசு திரும்பிவிட்டது. குடுவை இன்னும் மேஜையிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றில் இந்தப் படியும் ஒன்று.

திறக்கும் வேலை நாள் பூராவும் நடக்கிறது. சுழற்றி வண்டலைப் பிரிக்கிறாள். ப்ளீச்சிங் திரவம் ஊற்றி உடம்பைக் கரைக்கிறாள். குளோரோஃபார்ம் ஊற்றி மணியைக் கரைத்தெடுக்கிறாள். புகைபோக்கிப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில் அந்தத் திரவம். விசிறி சுழல்கிறது. காத்திருக்கிறாள்.

சுவரில் கடிகாரம். அவள் அதைப் பார்ப்பதில்லை. தட்டையே பார்க்கிறாள்.

திரவம் போய்விட்டது. தட்டின் அடியில் ஒரு படலம். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி. இடுக்கியால் ஓரத்தைத் தூக்குகிறாள். மூச்சை அடக்குகிறாள். படலம் எழுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். மங்கலாக மறுபக்கத்து மரம் தெரிகிறது.

வளைக்கிறாள். ஓரம் உடைகிறது.

நோட்டில் எழுதுகிறாள். எடை. தடிமன். உடைந்தது.

பிஎச்பி இப்படித்தான். சூட்டில் உருகும், அச்சில் ஊற்றலாம், ஆனால் தனியாக இருந்தால் மொறுமொறுப்பு. இன்னொரு கூறு சேர்த்தால் இளகும். 1990இல் ஜெர்மனியில் அப்படிச் சேர்த்து ஷாம்பூ பாட்டில் செய்து கடையில் வைத்தார்கள். பாட்டில் நன்றாக இருந்தது. பெட்ரோலிய பிளாஸ்டிக்கின் விலையோடு அது போட்டி போட முடியவில்லை. அதில் பெரிய செலவு தீனிக்கு. தீனி சுத்தச் சர்க்கரையாக இருந்தால் விலை இறங்காது. அதற்காகத்தான் ராசிபுரத்துத் திப்பி கோவைக்கு பஸ் ஏறுகிறது.

பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் பிளாஸ்டிக் இன்னொன்றும் உண்டு. அதில் பிளாஸ்டிக் உள்ளே இருக்காது. பாலைத் தயிராக்கும் குடும்பத்துப் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடும். அதைக் கோத்துப் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைச் செய்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் பல்ராம்பூர் சர்க்கரை ஆலை கரும்பை நம்பி அதில் இறங்கியிருக்கிறது. ஆனால் பிஎல்ஏ சாதாரண மண்ணில் சீக்கிரம் மக்காது. ஆலை உரக்குழியின் சூடு வேண்டும். பிஎச்பியை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களே தின்றுவிடும். அவற்றுக்கு அது தெரிந்த சாப்பாடு.

மாலை. ஆர்.எஸ்.புரம் காய்கறிச் சந்தை. கீரைக்கட்டுகள் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். நுழைவாயிலில் ஒரு பலகை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை திரும்ப வந்தது. மஞ்சப்பையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வெறுங்கையோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு அம்மாள் தக்காளி வாங்குகிறார். பை இல்லை. கடைக்காரர் பலகைக்கு அடியில் கை விடுகிறார். ஒரு பை வருகிறது. மாவுச்சத்தில் செய்தது என்று அச்சடித்திருக்கிறது. தொட்டால் மெத்தென்று துணி மாதிரி இருக்கிறது.

“கனம் தாங்குமா?”

“ரெண்டு கிலோ தாங்குமுங்க.”

“மூணு கிலோ போட்டுட்டீங்களே.”

கடைக்காரர் இன்னொரு பை எடுத்து, பைக்குள் பை நுழைக்கிறார். ஒரு பைக்குக் காசு வாங்குகிறார். இரண்டாவதுக்கு வாங்கவில்லை. அம்மாள் பையின் அடியில் கை கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போகிறார்.

மாணவி கறிவேப்பிலை வாங்குகிறாள். எதையும் கேட்கவில்லை. அம்மாள் ரோட்டைக் கடக்கும் வரை பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆய்வகத்துக்குப் பின்னால் படிக்கட்டு. படிக்கு ஒன்றாக மண்தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருக்கிறது. முந்தைய மாதங்களின் படலத் துண்டுகள் உள்ளே புதைந்திருக்கின்றன. ஒரு தொட்டியைக் கவிழ்க்கிறாள். சல்லடையில் மண்ணைச் சலிக்கிறாள். கல், வேர், ஒரு மண்புழு. மண்புழுவைத் தனியே எடுத்துவைக்கிறாள். கடைசியில் நகக்கண் அளவு ஒரு துண்டு. ஓரமெல்லாம் பூச்சி அரித்த கத்தரி இலை மாதிரி ஓட்டை. கழுவுகிறாள். காயவைக்கிறாள். நிறுத்துப் பார்க்கிறாள். பழைய எடைக்குப் பக்கத்தில் புது எடை. திரும்பவும் புதைக்கிறாள். மண்புழுவையும் விடுகிறாள். அரை டம்ளர் தண்ணீர்.

அறைக்குத் திரும்பிப் போசியைத் துலக்குகிறாள். புளி போட்டு, இரண்டு முறை. முகர்ந்து பார்க்கிறாள். மூன்றாவது முறை.

அடுத்த திங்கள். நாமகிரிப்பேட்டைச் சாலை. டிராக்டர் வரிசை. பாயிண்ட் பையன். பிறைக் கத்தி. பூனைக்குட்டிகள் கண் திறந்திருக்கின்றன.

ஆபரேட்டர் பலூன் கரையில். உள்ளங்கை அமுக்கல், கண்ணாடிக்குழாய், நோட்டு. போசியைப் பார்த்ததும் பென்சிலைக் காதில் செருகுகிறார்.

போசி வெறுமையாக வரவில்லை. உள்ளே சர்க்கரைப் பொட்டலம். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். சர்க்கரைக்கு மேல் மடித்த காகிதம்.

“இது என்னங்கம்மிணி?”

“போன வாரத் திப்பிங்கண்ணா.”

அவர் காகிதத்தைப் பிரிக்கிறார். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, படலத்தை இரண்டு விரலில் எடுக்கிறார். வெயிலுக்குப் பிடிக்கிறார். அதன் வழியே பலூன் மங்கலாகத் தெரிகிறது.

“நம்ம திப்பியா?”

“ஆமாங்க.”

மெதுவாக வளைக்கிறார். கொஞ்சம் வளைகிறது. இன்னும் கொஞ்சம். டக்கென்று ஒடிகிறது.

அவர் அவளைப் பார்க்கிறார். அவள் தரையைப் பார்க்கிறாள்.

“மொத வருசம் இந்தப் பலூனும் மூணு தடவ புளிச்சுப் போச்சுங்கம்மிணி.”

இரண்டு துண்டையும் காகிதத்தில் வைத்து மடிக்கிறார். சட்டைப்பையில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு எடுத்து மறுபக்கத்துப் பையில் வைக்கிறார். பொத்தானைப் போடுகிறார்.

திப்பிக் களத்தில் ஈரச்சக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆவி பறக்கிறது. போசியிலிருந்து சர்க்கரையை எடுத்துத் துண்டில் முடிகிறார். போசியை ஒருமுறை உதறுகிறார். இரண்டு கை திப்பியை அள்ளிப் போட்டு, மூடியை அழுத்தி, அவளிடம் நீட்டுகிறார்.